ஒரு பெயரும் இரண்டு ரூபாவும்

மன்னார்த் தீவின் மேற்கு முனையாகிய தலைமன்னாருக்கும், இராமேசுவரத் தீவின் கிழக்கு முனையாகிய தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் கடல் ஏறத்தாழ இருபது மைல் அகலமே உடையது. இரு கரையினரும் ஒரே மொழியைப் பேசுவர். ஒரே காற்றை நம்பிப் பாய் விரிப்பர். பணத்தையும் ஏறக்குறைய ஒரே பெயரால் வழங்குவர். அக்கரையில் அது ரூபாய். இக்கரையில் அது ரூபா. ஆயினும் இன்று ஓர் இந்திய ரூபாயைப் பெறுவதற்கு மூன்று இலங்கை ரூபாவுக்கு மேல் கொடுத்தல் வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்னரோ இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாய், ஒரே மதிப்புடையனவாய் நின்றன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போற் பிறந்த இவ்விரு நாணயங்களும் எப்பொழுது பிரிந்தன, ஏன் பிரிந்தன, அப்பிரிவினால் இழந்தவர் யாவர் என்பன ஆராயத்தக்க வினாக்களாகும்.

ரூபா இலங்கைக்கு வருமுன்னரே பாக்கு நீரிணையின் இரு புறத்தும் நாணயக் குழப்பம் மிகுந்திருந்தது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற றிக்ஸ்டொலர் என்னும் கணக்கையே ஆங்கிலேயரும் இலங்கையில் முதலிற் கைக்கொண்டனர். ஒரு றிக்ஸ்டொலருக்குப் பன்னிரண்டு பணம். சென்னையிலோ நட்சத்திர வராகன் வழங்கிற்று. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்திற்கு 80 காசு. இரு கரையிலும் ‘பணம்’ என்னும் சொல் ஒன்றே. அச்சொல் குறித்த மதிப்போ வெவ்வேறு. ஆதலால் கடல் கடந்து வாணிகஞ் செய்தோர் எல்லோரும் காசு மாற்றுவோரின் தயவை நாடி நின்றனர். 1818 ஆம் ஆண்டிலே சென்னை அரசாங்கம் 100 வராகனுக்கு 350 ரூபாய் என விகிதம் வகுத்து, வெள்ளி ரூபாயைத் தன் நாணயமாக்கிற்று. 1825 ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கம் ஒரு றிக்ஸ்டொலர் ஒன்றரை ஷிலிங்குக்குச் சமம் என விதித்து, ஆங்கில நாணயத்தைக் கொணர்ந்தது. ஒரே முடியின் கீழிருந்த இரு கரைகளும் இருவேறு வழிகளிற் செல்லத் தலைப்பட்டன.

எனினும் சட்டம் வகுத்த வழியை மக்களின் தேவை மாற்றியமைத்தது. 1835 இல் கிழக்கிந்தியக் கம்பனி தன் ஆட்சிப்பரப்பு முழுமைக்கும் ஒரே ரூபாயை நிறுவிற்று. 180 கிறெயின் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளியும் உடையது அந்நாணயம். மறு ஆண்டிலேயே, அதாவது 1836 இல், இலங்கையும் அதனைச் செல்லத்தக்க நாணயமாக ஏற்றுக்கொண்டது. காரணம் வெளிப்படையானது. மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்குத் தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். அவ்வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்கள் உண்ட அரிசியும் தென்னிந்தியாவிலிருந்து வந்தது. அவர்கள் ஊருக்கு எடுத்துச்செல்ல விரும்பிய கூலியும் தென்னிந்தியாவிற் செல்லும் நாணயமாகவே இருத்தல் வேண்டியிருந்தது. அரசாங்கம் தன் ஏடுகளிலே பவுண், ஷிலிங், பென்ஸ் என எழுதிக்கொண்டிருந்த போதிலும், சந்தையிலும் தோட்டத்திலும் கைமாறியது வெள்ளி ரூபாவே.

ஈற்றில் ஏடும் சந்தைக்கு இணங்கிற்று. 1872 ஆம் ஆண்டு தொடக்கம் ரூபாவே இலங்கையின் கணக்குப் பணமாயிற்று. ஆனால் இலங்கை ஒரு புதுமையைச் செய்தது. இந்தியாவில் ஒரு ரூபாய் 16 அணாவாகவும் 64 காலணாவாகவும் 192 பைசாவாகவும் பகுக்கப்பட்டிருக்க, இலங்கை அதனை 100 சதமாகப் பகுத்தது. இலங்கைச் சதத்தில் ஆறேகாலே ஓர் அணா. 25 சதம் நான்கணாவுக்கும், 50 சதம் எட்டணாவுக்கும் சரியாய் அமையும். பிற சில்லறைகள் அவ்வாறு அமையா. பிரித்தானியர் காலத்திலே இலங்கை தனக்கென வெள்ளிச் சில்லறைகளை வார்த்துக்கொண்டதேயன்றி, வெள்ளி ரூபாவை வார்க்கவில்லை. இந்திய வெள்ளி ரூபாயே இலங்கையின் ரூபாவுமாக இருந்தது. ஆதலின் கடல் கடப்பவன் மாற்றவேண்டியது சில்லறையை மட்டுமே. முழு ரூபா மாறாமலே இரு கரையிலும் செல்லும்.

இவ்வொருமையின் பயனை மன்னார்க் கடற்கரை நன்கு அறியும். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் இடங்களை அண்டிய முத்துச் சலாபங்களிலே குளிப்பு நடைபெற்ற காலத்தில், கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி முதலிய ஊர்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளியாளரும் வணிகரும் வந்து குழுமுவர். மன்னார்த் தீவின் வடகரையை அண்டிய எருக்கலம்பிட்டியின் முஸ்லிம் மக்களும் அத்தொழிலிலும் வணிகத்திலும் பெயர்பெற்றவர்கள். எடுக்கப்பட்ட சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்தைச் சேரும். எஞ்சிய ஒரு பங்கு குளியாளரைச் சேரும். அரசாங்கத்தின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்படும். கேட்பவன் சென்னையான் ஆயினும் பம்பாயான் ஆயினும் கொழும்பான் ஆயினும், அவன் சொல்லும் விலை ஒரே ரூபாவில் அமைந்தது. 1905 ஆம் ஆண்டின் பெருங்குளிப்பின்போதும் அவ்வாறே. கடல் முத்தைத் தரும் ஆண்டில், அதன் விலையை இடையில் நின்று குறைக்க நாணய மாற்றுவோன் ஒருவன் இருக்கவில்லை.

ஆனால் இரு நாட்டிற்கும் பொதுவாயிருந்த ரூபா, உலகத்தோடு ஒப்பிடுகையில் உறுதியாக நிற்கவில்லை. 1870களில் ஜெர்மனி முதலிய நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுப் பொன்னை நாடின. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி மிகுதியாக வந்தது. வெள்ளியின் விலை சரிந்தது. இரண்டு ஷிலிங் அளவில் இருந்த ரூபா, 1890களின் தொடக்கத்தில் ஒன்றேகால் ஷிலிங்குக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சி எல்லோர்க்கும் தீதன்று. தேயிலையைப் பொன் வழங்கும் இலண்டனில் விற்றுக் கூலியை வெள்ளியிற் கொடுத்த தோட்டத்துரைமார்க்கு அது ஆதாயம். இலண்டனுக்குப் பணம் அனுப்பவேண்டிய உத்தியோகத்தர்க்கு அது நட்டம். கூலியாளுக்கோ, வெளிநாட்டுப் பொருளின் விலையேற்றம் மெல்ல மெல்லத் தட்டில் வந்து விழுந்தது. 1893 யூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் தன் நாணயசாலைகளிற் பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து ரூபா வார்த்துக்கொள்ளும் உரிமையை நிறுத்திற்று. 1899 அளவில் ரூபா ஒரு ஷிலிங் நாலு பென்ஸ் என்னும் மதிப்பில் நிலைபெற்றது. அதாவது 15 ரூபா ஒரு பொற்பவுணுக்குச் சமமாயிற்று.

அப்பொற்பவுணின் நினைவு இன்னும் அழிந்திலது. மணமகளின் நகையை எத்தனை பவுண் என இரு கரையிலும் கேட்கின்றார்களே, அச்சொல் ஏறத்தாழ எட்டுக் கிராம் எடையுள்ள அந்த ஆங்கில நாணயத்தையே குறித்தது. 1927 இல் ரூபா ஒரு ஷிலிங் ஆறு பென்ஸாக உயர்த்தப்பட்டபோது, பவுணின் விலை பதின்மூன்று ரூபாவும் மூன்றிலொரு பங்குமாயிற்று. இம்முடிவு இந்தியாவிலே செய்யப்பட்டது. பம்பாய் ஆலை முதலாளிகள் அதனை எதிர்த்துக் கிளர்ந்தனர். இலங்கையின் கருத்தைக் கேட்டாரில்லை. ஆயினும் இலங்கையின் ரூபாவும் உடன் உயர்ந்தது. ஒரே நாணயத்தின் வசதிக்கு இலங்கை கொடுத்த விலை இதுவே எனலாம்.

நோட்டின் கதை வேறு. இலங்கையில் நோட்டை வெளியிடும் உரிமை முதலில் தனியார் வங்கிகளிடம் இருந்தது. கோப்பிச் செய்கையைப் பூச்சணநோய் அழிக்க, அதற்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் முறிந்தது. அதன் நோட்டைக் கையில் வைத்திருந்தோர் திகைத்து நின்றனர். ஆள்பதி சேர் ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதத்தை அளித்து, நாட்டைப் பெருங்கலக்கத்தினின்று காத்தார். அவ்வாண்டிலேயே நோட்டு வெளியிடும் உரிமையை அரசாங்கம் தானே ஏற்றது. அந்நோட்டின் பின்னே வெள்ளி ரூபாயும் கடன் பத்திரங்களும் ஈடாக வைக்கப்பட்டன. 1941 ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இலங்கை ரூபாவை இந்திய ரூபாய்க்கு ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொடுக்கும் கடமையை நாணயச் சபைக்கு விதித்தது. நெடுங்கால வழக்கம் அங்ஙனம் சட்டமாயிற்று.

1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கிய பின்னர், இரு ரூபாக்களின் உறவு மேலும் நெருங்கிற்று. சென்னை எழும்பூரிற் புகைவண்டி ஏறியவர் கொழும்புக் கோட்டையில் இறங்குதல் எளிதாயிற்று. தோட்டத் தொழிலாளரின் சேமிப்பும், நகரத்துக் கடைச் சிப்பந்திகளின் சம்பளமும் இவ்வழியே இந்தியா சென்றன. பெருந்தொகைகளை நாட்டுக்கோட்டைச் செட்டிமார் உண்டியல் மூலம் அனுப்பினர். கொழும்பிலே கட்டிய பணத்தைத் தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ பெற்றுக்கொள்ள ஓலைத்துண்டு போன்ற ஒரு சிறு சீட்டே போதுமாயிருந்தது. மதிப்பு ஒன்றாய் இருந்ததனால், அச்சீட்டில் மாற்று விகிதம் என்னும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னர் நிலைமை மாறத் தொடங்கிற்று. சுதந்திர நாட்டிற்குத் தன் பணத்தின்மீது அதிகாரம் வேண்டும் என்னும் எண்ணம் இயல்பானது. அமெரிக்க மத்திய ஒதுக்கு அமைப்பைச் சேர்ந்த ஜோன் எக்ஸ்ரர் என்பவர் வரவழைக்கப்பட்டார். அவருடைய அறிக்கையை ஒட்டி 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணயவிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1950 ஓகஸ்ட் 28 ஆம் தேதி இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. எக்ஸ்ரரே அதன் முதல் ஆளுநரானார். ரூபாவின் மதிப்பு இனி இந்திய ரூபாயைக் கொண்டன்று, 2.88 கிறெயின் தூய பொன்னைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு செப்ரெம்பரில் ஸ்ரேர்லிங்கோடு இரு நாடுகளும் தம் நாணயத்தின் மதிப்பைக் குறைத்திருந்தமையால், இரண்டுமே ஓர் அமெரிக்க டொலருக்கு 4.76 என நின்றன. சட்டத்தாற் கயிறு அறுந்தது, எண்ணால் அறவில்லை.

ஆதலாற் பொதுமக்கள் உடனே ஒரு வேறுபாட்டையும் உணர்ந்திலர். 1957 ஏப்ரல் முதலாம் தேதி இந்தியாவும் அணாவைக் கைவிட்டு ரூபாயை நூறு நயாபைசாவாகப் பகுத்தது. எண்பத்தைந்து ஆண்டுகளாகச் சில்லறையில் இருந்த வேற்றுமை அன்றோடு ஒழிந்தது. ஒரு சதம் ஒரு நயாபைசாவுக்குச் சரியாக அமைந்தது. ஆனால் சில்லறை ஒன்றிய காலத்திலேதான் நாணயக் கட்டுப்பாடு இறுகிற்று. 1953 ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, இலங்கையிலிருந்து பணம் அனுப்புவதற்கு அனுமதி வேண்டும். விகிதம் ஒன்றாயிருந்தும், பணம் தன் விருப்பப்படி கடல் கடக்க இயலாதாயிற்று.

பின்னர் 1966 யூன் 6 ஆம் தேதி வந்தது. சீனாவுடனும் பாகிஸ்தானுடனும் நிகழ்ந்த போர்களாலும், கொடிய வரட்சியாலும், விலைவாசியாலும் நலிந்திருந்த இந்தியா, உதவி வழங்கும் நாடுகளின் வற்புறுத்தலுக்கும் உள்ளாகி, டொலருக்கு 4.76 என்றிருந்த ரூபாயை 7.50 ஆகக் குறைத்தது. இலங்கை தன் மதிப்பை மாற்றவில்லை. அரிசியையும் மாவையும் இறக்குமதி செய்து பங்கீட்டில் மலிவாகக் கொடுத்துவந்த நாட்டுக்கு மதிப்பிறக்கம் எளிதன்று. ஒரே நாளில் நூறு இலங்கை ரூபா நூற்றைம்பத்தேழரை இந்திய ரூபாய்க்குச் சமமாயிற்று. நூற்று முப்பது ஆண்டு உறவு அன்று முறிந்தது. அந்த வாரத்தில் முறிந்த உறவு இஃதொன்றுமட்டுமன்று. பாரசீக வளைகுடாவின் சிற்றரசுகளும் இந்திய ரூபாயையும், 1959 முதல் அதன் கிளையாகிய வளைகுடா ரூபாயையும் வழங்கிவந்தன. அவையும் இம்மதிப்பிறக்கத்தைக் கண்டு விலகித் தத்தம் நாணயத்தை நாடின.

இலங்கையின் மேன்மை நீடிக்கவில்லை. தேயிலையின் விலை வீழ்ந்துகொண்டிருந்தது. போட்டியாளனாகிய இந்தியாவின் தேயிலையோ மலிந்துவிட்டது. 1967 நவம்பரில் பிரித்தானியா தன் பவுணைக் குறைத்தவுடன், இலங்கையும் தன் ரூபாவை நூற்றுக்கு இருபது வீதம் குறைத்து டொலருக்கு 5.95 ஆக்கிற்று. நூறு இலங்கை ரூபா 126 இந்திய ரூபாயாயிற்று. ஆறு மாதங் கழித்து, 1968 மேயில், அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் என்னும் திட்டம் வந்தது. அத்தியாவசியமல்லாத இறக்குமதிக்கு டொலர் வேண்டுவோர் விலையின்மேல் நூற்றுக்கு 44 வீதம் கூடக் கொடுத்தல் வேண்டும். அக்கணக்கின்படி டொலர் எட்டரை ரூபாவுக்கு மேலாகிறது. நூறு இலங்கை ரூபா எண்பத்தேழு அல்லது எண்பத்தெட்டு இந்திய ரூபாயாகக் குறைகிறது. நூற்றைம்பத்தேழு, நூற்றிருபத்தாறு, எண்பத்தேழு. இரண்டே ஆண்டில் இத்துணை மாற்றம். அரசாங்கம் ஒரே ரூபாவுக்கு இரு விலைகளைத் தானே எழுதிவைத்தது.

இவ்வெண்கள் வெறுங் கணக்கல்ல என்பதற்கு ஒரு சான்று போதும். 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்திய வமிசாவளியினர் 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டியவராயினர். புறப்படும் குடும்பம் தன் உடைமைகளை எடுத்துச்செல்லலாம். அவ்வுரிமைக்கு விதிக்கப்படும் எல்லை 4,000 ரூபாவுக்குக் குறைதல் கூடாது என்பது ஏற்பாடு. ஒப்பந்தம் எழுதிய நாளில் அது 4,000 இந்திய ரூபாய். 1966 யூனுக்குப் பின்னர் அதே தொகை 6,300. 1967 நவம்பருக்குப் பின்னர் ஏறத்தாழ 5,040. 1977 நவம்பரில் இலங்கை இரட்டை விகிதத்தை ஒழித்து, டொலர் ஏறத்தாழ 16 ரூபா என விட்டபொழுது, அது 2,000க்குச் சற்று மேல். ஒரே தோட்டத்து ஒரே லயத்திலே அருகருகே வாழ்ந்த இரு குடும்பங்கள், ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் தலைமன்னாரிற் கப்பலேறின எனில், ஒரே அளவான உழைப்பின் பயன் இராமேசுவரத்தில் இறங்கும்போது வெவ்வேறாயிற்று. எந்த மாதத்தில் தம் பெயர் அழைக்கப்படும் என்பதை அவர்கள் தீர்மானித்தவரல்லர். நாணய விகிதத்தையும் அவர்கள் தீர்மானித்தவரல்லர். நட்டம் மாத்திரம் அவர்களுடையதாயிற்று.

மன்னார்க் கரையிலும் இப்பிரிவின் சுவடு தெரிந்தது. 1964 திசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1980களிற் போரினால் நின்றுபோயிற்று. நேர்வழி அடைபட்டபோது மறைவழி திறந்தது. சட்டம் கூறும் விகிதத்திற்கும் சந்தை கூறும் விகிதத்திற்கும் இடைவெளி இருக்கும்வரை, அவ்விடைவெளியிலே வயிறு வளர்ப்போர் இருந்தே தீர்வர். பீடியிலையும் புடைவையும் ஒரு காலத்தில் அவ்வாறு கடந்தன. 2020 ஆம் ஆண்டளவில் இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடைசெய்தபோது, சமையற்கூடத்து மஞ்சளுங்கூடப் படகேறி மன்னார்க் கரைக்கு வந்து பிடிபட்டது. உண்டியல் என்னும் பழஞ்சொல்லும் பொருள் மாறிற்று. செட்டிமார் காலத்தில் அது மதிப்புக்குரிய வாணிகச் சீட்டு. பின்னாளில் அது சட்டத்திற்குப் புறம்பான பணப்பரிமாற்றத்தின் பெயர்.

1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி மக்களுக்குப் பணத்தின் பொருள் வேறொரு வகையில் உணர்த்தப்பட்டது. வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, எடுத்துச்செல்ல விடப்பட்ட காசும் நகையும் மிகச் சிறிதளவே. பல தலைமுறைத் தேட்டத்தை விட்டுவிட்டு மக்கள் புத்தளம் சென்றனர். அதே ஆண்டிலே போருக்கு அஞ்சிய தமிழ் மக்கள் பலர் மன்னாரிலிருந்து படகேறி மண்டபம் முகாமை அடைந்தனர். முன்னையோர்க்கு ரூபா இருந்தும் கொண்டுசெல்ல இயலவில்லை. பின்னையோர் கொண்டுசென்ற ரூபா அக்கரையிலே அப்படியே செல்லவில்லை. நாணயம் என்பது நாட்டின் அமைதியின்மேல் எழுதப்படும் வாக்குறுதி என்பதை இருசாராரும் கண்டனர்.

பிந்திய ஆண்டுகளின் வரலாறு சுருங்கக் கூறத்தக்கது. 1991 இல் இந்தியா மீண்டும் தன் ரூபாயைக் குறைத்தது. 1993 இல் டொலருக்கு 31 அளவில் விட்டது. அப்பொழுது இலங்கை ரூபா ஓரளவு நிமிர்ந்து காணப்பட்டது. 2001 சனவரியில் இலங்கை தன் ரூபாவைச் சந்தையில் மிதக்கவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு மார்ச்சிலே டொலருக்கு ஏறக்குறைய 200 ஆக இருந்த ரூபா, மே மாதத்தில் 360ஐ எட்டிற்று. மார்ச்சுக்கு முன்னர் மூன்று ரூபாவுக்குக் குறைவாகக் கிடைத்த இந்திய ரூபாய், நாலரை ரூபாவுக்கு மேலாயிற்று. மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தில், இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவில் உதவிற்று.

ஒரு நாட்டின் நாணயம் எண்ணிக்கையிற் சிறியதாய் இருப்பது இழிவன்று. பெரியதாய் இருப்பது பெருமையுமன்று. ஜப்பானின் யென்னில் நூற்றுக்கு மேற்பட்டவை கூடினால்தான் ஒரு டொலர் ஆகும். ஜப்பான் வறிய நாடன்று. விகிதம் நிலையாக இருக்கிறதா, மாறினால் அம்மாற்றத்தின் சுமை யார் தலையில் ஏறுகிறது என்பவையே கேட்கத்தக்க கேள்விகள். கடன் வாங்கியவன் தப்புகிறான், சேமித்தவன் இழக்கிறான், சம்பளக்காரனும் கூலியாளும் தாமதித்தே அறிகிறார்கள். 1884 இல் முறிந்த வங்கியின் நோட்டுக்கு அரசாங்கம் பொறுப்பேற்றது. அரசாங்கமே தன் நோட்டின் மதிப்பைக் காக்கத் தவறும்போது, பொறுப்பேற்பதற்கு அதற்குமேல் ஒருவரும் இல்லை. ஆதலாற்றான் இரு கரையிலும் தாய்மார் தம் சிறுசேமிப்பைப் பவுணாக மாற்றி வைக்கின்றனர். அவர்கள் பொருளியல் கற்றவரல்லர். ஆனால் பதினைந்து ரூபாவாக இருந்த பவுண் இலங்கையில் இலட்சங்களிற் பேசப்படும் நிலைக்கு வந்த வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டறிந்தவர்கள்.

2022 ஆம் ஆண்டு இலங்கை மத்திய வங்கி, வங்கிகள் கையாளத்தக்க வெளிநாட்டு நாணயங்களின் பட்டியலில் இந்திய ரூபாயையும் சேர்த்துக்கொண்டது. 1836 தொடக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இத்தீவின் சொந்தப் பணமாய் இருந்தது, இப்பொழுது அந்நியப் பணம் என்னும் பெயரோடு மீண்டும் வந்திருக்கிறது. வாணிகத்திற்கு அது துணைபுரிதல் கூடும். அப்பழைய ஒருமை திரும்புதல் அரிது, திரும்பவேண்டுவதும் இல்லை. இரண்டு ரூபாக்களும் தத்தம் மக்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுமாயின், அவற்றிடையே உள்ள விகிதம் எதுவாயினும் ஆகுக.